பாதிபாரம் கட்டிய வீடு

வேலை செய்த இடத்தில் அவருக்கு வைத்த பெயர் பாதிபாரம். முப்பத்தொரு வருடம் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் பெட்டி ஒரு பக்கம் தொங்கினால், மறுபக்கம் அதைச் சமன்செய்ய ஓர் எதிர் எடை தொங்கும். அது எவ்வளவு இருக்க வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும், "பெட்டியோட எடை, அதோட ஏறுற ஆளுங்க பாரத்துல பாதி" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வார். அவர் வாயிலிருந்து அதைக் கேட்டுக் கேட்டு கேன்டீன்காரர்கூட மனப்பாடம் செய்திருந்தார்.

ஓய்வு பெற்றதும் கம்பெனிக் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டியிருந்தது. ஊருக்கு வெளியே, பஸ்ஸை விட்டு இறங்கி இருபது நிமிடம் நடந்தால் வரும் ஏரிக்கரையில், அவரிடம் ஒரு துண்டு நிலம் இருந்தது. அதில் வீடு கட்டினார். பத்தடி அகலம், பதினெட்டடி நீளம். பலகைச் சுவர், தகரக் கூரை, ஒரே அறை. அதிலேயே அடுப்பு, அதிலேயே படுக்கை, மூலையில் குளியலறை என்ற பெயரில் ஓர் அலமாரி. வந்து பார்த்தவர்கள் மூக்கில் விரலை வைத்தார்கள். அவர் அசரவில்லை. "ஆயுசு முழுக்க நாலடிக்கு நாலடிப் பெட்டியில நின்னவன் நான். எனக்கு இது மைதானம்" என்றார்.

அவர் மனைவிக்கு அது மைதானமாகத் தெரிய நியாயமில்லை. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் ரெக்கார்டு ரூமில் இருபத்தாறு வருடம் ஆட்சி செய்தவர் அவர். பெயர்தான் ரூம். உள்ளே போனால் இந்தக் கோடியில் நிற்பவர் அந்தக் கோடியில் நிற்பவரைக் கைதட்டித்தான் கூப்பிட வேண்டும். டாக்டர்கள் முதல் வாட்ச்மேன் வரை எல்லாருக்கும் அவர் ரெக்கார்டம்மா. அங்கே அவர் வைத்ததுதான் சட்டம்: ஒரு ஃபைலை யார் எடுத்தாலும், அது இருந்த இடத்தில் ஒரு அட்டை செருகிவிட்டுப் போக வேண்டும். அட்டையில் மூன்று வரி. எடுத்தது என்ன, எடுத்தவர் யார், திருப்பித் தரும் நாள் எது. இனி திரும்பி வராத ஃபைல் என்றால் மூன்றாவது வரியில் ஒரு கோடு கிழித்துவிடுவார். அட்டை வைக்காமல் எடுத்துப்போன ஒரு பெரிய டாக்டரை, வராந்தாவில் நாலு பேர் பார்க்க நிறுத்திக் கேட்டவர் என்று சொல்வார்கள்.

ரெக்கார்டம்மா ஏரிக்கரைக்கு வந்ததே ஒரு நிபந்தனையோடுதான்.

"மழைக்காலம் முடியற வரைக்கும் இருந்து பாக்கறேன். சரிப்பட்டு வரலைன்னா பொண்ணு வீட்டுக்குப் போயிடுவேன். நீங்க கோவிச்சுக்கக் கூடாது."

"கோவிச்சுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார் பாதிபாரம். சொல்லாமல் என்ன செய்வார்? நகரத்தில் ஒன்பதாவது மாடியில் இருக்கும் மகள் அம்மாவுக்கென்று ஓர் அறையைப் பெருக்கித் துடைத்துத் தயாராக வைத்திருந்தாள். மழை ஓய்ந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காரோடு வருவதாகப் பேச்சு.

ரெக்கார்டம்மா கொண்டுவந்தது ஓர் இரும்புப் பெட்டி. முதல் வேலைக்குப் போனபோது வாங்கியது, இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்தது. ஜன்னலோரப் பெஞ்சுக்கு அடியில் அதைத் தள்ளிப் பூட்டி வைத்தார். அந்த வீட்டில் இருந்த ஒரே நல்ல இடம் அது. தன் ஸ்பேனர்களுக்கும் கயிறுகளுக்கும் என்று பாதிபாரம் அளந்து கட்டியது. இப்போது கருவிகள் வெளியே தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தன. அதைப்பற்றி அவர் வாய் திறக்கவில்லை. ஆனால் தினமும் காலையில் எழுந்ததும் முதலில் அந்தப் பூட்டைத்தான் பார்ப்பார். வேண்டிய துணியை அம்மாள் எடுப்பார், மறுபடி பூட்டுவார். கொடியில் காய்ந்த துணிகூட மடிந்து பெட்டிக்குள்ளேதான் போகும். ஒரு சட்டை, ஒரு சீப்பு, ஒரு கண்ணாடிக்கூடு பெட்டிக்கு வெளியே குடியேறாதா என்று மனிதர் ஏங்கிப்போனார்.

முதல் மாதம் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. ஒருவர் குனிந்தால் மற்றவர் நிமிர முடியாது. அவர் திரும்பினால் அம்மாள் கையிலிருந்த டம்ளர் பறக்கும். அலமாரிக் கதவைத் திறந்தால் வாசல் கதவைத் திறக்க முடியாது. நெற்றியில் இரண்டு பேருக்கும் மாற்றி மாற்றி வீக்கம். பக்கத்துத் தோட்டத்தில் ஆடு வளர்க்கும் ஆட்டுக்காரம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, இதுக்குள்ள சண்டை வந்தா யாரு வெளியே போறது?" என்று கேட்டார்.

"வெயில்னா அவரு. மழைன்னா சண்டையே போடறதில்லை" என்றார் ரெக்கார்டம்மா.

அந்த ஆட்டுக்காரம்மாவைத் தினமும் நன்றியோடு நினைக்கத்தான் வேண்டும். குழாய் வருவதற்கு முன் பத்து நாள் தன் கிணற்றுத் தண்ணீரைக் குடம் குடமாகக் கொண்டுவந்து வாசலில் வைத்தவர். திருப்பிக் கொடுக்க எதுவும் கேட்கவில்லை. அவ்வப்போது வந்து கிண்டல் செய்துவிட்டுப் போகும் உரிமையை மட்டும் எடுத்துக்கொண்டார்.

வெந்நீர்ப் பாத்திரத்தோடு ஒருநாள் இருவரும் முட்டிக்கொண்ட பிறகு, பாதிபாரம் தன் தொழில் முறையை வீட்டுக்குள் கொண்டுவந்தார். லிஃப்டில் இரண்டு பேர் வேலை செய்யும்போது ஒருவர் சொல்லாமல் பெட்டி அசையக் கூடாது. "மேலே!" என்று ஒருவர் குரல் கொடுக்க வேண்டும். "சரி, மேலே!" என்று மற்றவர் திருப்பிச் சொல்ல வேண்டும். திருப்பிச் சொன்ன பிறகுதான் பொத்தானில் கை. ஆக, வீட்டிலும் "திரும்பறேன்!", "சரி, திரும்புங்க!" என்று ஆரம்பித்தது. வெளியே நின்று கேட்டவர்களுக்கு உள்ளே ஏதோ பட்டாளம் பயிற்சி எடுப்பதாகத்தான் தோன்றியிருக்கும். ஆனால் வீக்கங்கள் வடிந்தன.

அம்மாளும் சும்மா இல்லை. தன் அட்டைகளை எடுத்தார். கத்தரிக்கோல் ஆணியில் இல்லையென்றால் அங்கே அட்டை தொங்கும். டார்ச் லைட் இடத்தில் அட்டை. உப்பு ஜாடியைப் பாதிபாரம் வெளியே எடுத்துப்போனால் அதற்கும் அட்டை. அவருக்கு இது சுத்தமாகப் பிடிபடவில்லை. எடுப்பார், மறப்பார், திட்டு வாங்குவார்.

இவ்வளவு இருந்தும் அந்த மழைக்காலம் நன்றாகத்தான் போனது. தகரத்தில் மழை விழும்போது பேச்சு கேட்காது; ஜன்னலோரம் இருவரும் தோளுரச உட்கார்ந்து ஏரியைப் பார்ப்பார்கள். குடியிருப்பில் மூன்று அறை இருந்தபோது ஆளுக்கொரு அறையில் இருந்தே காலம் போய்விட்டது. இப்போது அம்மாள் பெருமூச்சு விட்டால்கூட அவருக்குக் கேட்டது. இவள் வந்தாளே, அதுவே போதும் என்று அவர் மனம் நிறைந்துபோகும். உடனே பெஞ்சுக்கு அடியில் இருக்கும் பூட்டு ஞாபகம் வரும்.

இனி கட்டில் விஷயத்துக்கு வருவோம். அதுதான் அவர் கைவேலையின் சிகரம். பகலில் கட்டில் கிடந்தால் நடக்க இடம் ஏது? அதனால் கட்டிலின் நாலு மூலையிலும் கயிறு கட்டி, கூரைக் கட்டையில் கப்பிகள் பொருத்தி, கயிறுகளைச் சுவருக்கு வெளியே கொண்டுபோய் ஒரு மரப்பெட்டி நிறையச் செங்கல் தொங்கவிட்டிருந்தார். இருக்கும் அவசரத்துக்கு மரப்பெட்டி. மழை முடிந்ததும் இரும்பில் செய்வதாகத் திட்டம். எத்தனை செங்கல்? அதைக் கேட்கவே வேண்டாம். கட்டிலின் எடை, அதோடு படுக்கிற இரண்டு பேர் பாரத்தில் பாதி. கணக்கில் ஒரு செங்கல் கூடவோ குறையவோ இல்லை.

காலையில் இருவரும் எழுந்ததும், ஒரு கையால் கயிற்றைப் பிடித்தபடி, கட்டிலைத் தரையோடு பிடித்திருக்கும் இரும்புப் பின்னை உருவுவார். கட்டில் தானாக எழும்பிக் கூரைக்கு ஒன்றரை அடி கீழே போய் நிற்கும். தினமும் அதை அண்ணாந்து பார்த்துப் பச்சைக் குழந்தை மாதிரி சிரிப்பார். ராத்திரிப் படுக்க வேண்டுமென்றால் ஸ்டூலில் ஏறி, கட்டில் சட்டத்தைப் பிடித்துத் தன் முழு உடம்பையும் தொங்கவிட்டு இறக்கிப் பின்னைச் செருகுவார். அம்மாள் ஒருதடவை முயன்று பார்த்தார். அவர் தொங்கினார், கட்டில் இம்மியும் அசையவில்லை. "நான் இருக்கேன்ல, நீ எதுக்கு?" என்றார் பாதிபாரம், பெருமையாக.

மழை ஓய்ந்தது. மகள் ஞாயிறு காலை வருவதாகப் போன் செய்தாள். சனிக்கிழமை பலத்த காற்று. தண்ணீர்த் தொட்டியின் மூடி அடித்துக்கொண்டே இருந்தது. தாழ்ப்பாளுக்குச் செருக ஏதாவது கிடைக்குமா என்று தேடிய பாதிபாரம், கட்டில் பின்னை எடுத்துப்போய் அங்கே செருகிவிட்டார். வழக்கம்போல அட்டை வைக்கவில்லை. படுக்கும்போது ஞாபகம் வந்தது. சரி, ஒரு ராத்திரிதானே, இரண்டு பேர் பாரத்துக்குக் கட்டில் எங்கே போகும்? காலையில் முதலில் எழுவது எப்போதும் அவள். அவளைவிடக் கனமான தன் உடம்புக்குக் கட்டில் கிடக்கும். பிறகு கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினால் ஆயிற்று என்று கணக்குப் போட்டார். அம்மாளிடம் சொல்லவில்லை. பின்னுக்குப் பதில் ஞாபகத்தை நம்பாதே என்று எத்தனை பேரைக் கடிந்துகொண்டவர் அவர்!

விடிந்தது. அன்றைக்கென்று ரெக்கார்டம்மா அசந்து தூங்கினார். ஆறரைக்கு வெளியே கார் ஹாரன். "வந்துட்டா!" என்று பாதிபாரம் ஒரே துள்ளலில் கட்டிலை விட்டு இறங்கிக் கதவைத் திறக்க ஓடினார். குரல் கொடுக்கவுமில்லை, பதிலுக்குக் காத்திருக்கவுமில்லை.

மகள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். அறையைச் சுற்றிப் பார்த்தாள். சுற்றிப் பார்க்க அங்கே அதிக நேரம் ஆகாது.

"அம்மா எங்கேப்பா?"

"இங்கேதான்டி இருக்கேன்" என்று கூரையிலிருந்து குரல் வந்தது.

பாதிபாரம் அண்ணாந்தார். முகத்தில் ஈயாடவில்லை. போர்வையோடு அம்மாள் கூரைக்கு ஒன்றரை அடி கீழே மல்லாந்திருந்தார். வெளியே மரப்பெட்டி இறங்கி, அடியில் கிடந்த கல்லில் மோதி நின்றிருந்தது.

"அப்பா, நான் பிடிச்சு இழுக்கட்டுமா?"

"தொடாதே! திடீர்னு பாரம் ஏத்தினா தடால்னு வந்து விழும்" என்றவர், முப்பத்தொரு வருடம் மூடிய லிஃப்ட் கதவுகளுக்கு வெளியே நின்று சொன்னதை அப்படியே சொன்னார். "பயப்படாதே. நான் வந்துட்டேன். அசையாம இரு. ஏதாவது பேசிக்கிட்டே இரு."

"முப்பத்திமூணு வருஷமா பேசிக்கிட்டுதான் இருக்கேன். நீங்க எங்கே கேட்டீங்க?"

அவர் வெளியே ஓடி மரப்பெட்டிக்கு முன்னால் மண்டியிட்டார். செங்கலை ஒவ்வொன்றாக எடுத்தால் கட்டில் பதமாக இறங்கும். முதல் செங்கலை எடுத்தார். பலகைச் சுவர்தான், உள்ளே பேசுவது நன்றாகக் கேட்டது.

"பேசறியா?"

"என்ன பேசறது?"

"மனசுல இருக்கறதைப் பேசேன்."

 அவர் இரண்டாவது செங்கலை எடுத்தார்.

"மத்தியானம் ஆனா எனக்கு முதுகு வலிக்குதுங்க" என்றது குரல். "ரெக்கார்டு ரூம் ஏணியில ஏறி இறங்கியே போன முதுகு. ஒரு அரை மணி நேரம் காலை நீட்டணும்போல இருக்கும். இந்த வீட்ல எல்லாமே எனக்குக் கைக்கெட்டற தூரத்துல இருக்கு. படுக்கை மட்டும் எட்டாது. நீங்க ஆட்டுக்காரம்மா கிணத்து மோட்டாரைப் பிரிச்சுப் போட்டு உக்காந்திருப்பீங்க. நான் பெஞ்சுல உக்காந்து அண்ணாந்து பாத்துக்கிட்டே இருப்பேன். வீடு சின்னதுன்னு நான் ஒருநாளும் நினைச்சதில்லைங்க. என் வீட்ல நான் படுக்கறதுக்கு ஒருத்தரைக் கூப்பிடணுமான்னுதான் நினைச்சேன்."

பாதிபாரத்தின் கையில் மூன்றாவது செங்கல் அப்படியே நின்றுவிட்டது. பெஞ்சில் அவள் அண்ணாந்தபடி உட்கார்ந்திருப்பதை அவர் எத்தனையோ மத்தியானம் பார்த்திருக்கிறார். தன் கைவேலையை ரசிக்கிறாள் என்று நினைத்திருந்தார். அவமானம் என்றால் இதுதான் அவமானம்.

"ஏன் சொல்லலை?"

"கட்டில் மேலே போறப்ப ஒரு சிரிப்பு சிரிப்பீங்க பாருங்க. அதைப் பாத்துட்டு எப்படிங்க சொல்றது?"

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்றாவதையும் நான்காவதையும் எடுத்து வைத்தார். ஐந்தாவதில் கைவைத்தபடி குரல் கொடுத்தார்.

"கீழே!"

"சரி, கீழே!"

செங்கல் வந்தது. மரப்பெட்டி மெதுவாக எழும்பியது. உள்ளே மகள் "வருது, வருது" என்றாள். கட்டில் தரையைத் தொட்டதும் முதலில் கேட்டது சிரிப்பு. ரெக்கார்டம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். "ஒன்பதாவது மாடிக்குக் கூட்டிட்டுப் போக வந்தியா? உங்கப்பா முந்திக்கிட்டாருடி!"

காலை ஆகாரம் ஆவதற்குள் பாதிபாரம் தன் தவறைக் கண்டுபிடித்துவிட்டார். கண்டுபிடிக்க என்ன இருக்கிறது? "லிஃப்ட்ல ஆளுங்க ஏறி மேலே போவாங்க. அதுக்குத்தான் பாதி பாரம். இங்கே மேலே போறது வெறும் கட்டில். வெறும் கட்டிலுக்கு அதோட எடை மட்டும் போதும். இது வீடுங்கறதையே மறந்துட்டேன்" என்றார்.  

தொட்டியிலிருந்து பின்னை மீட்டுவந்தார். பாதியளவு செங்கலை இறக்கிவிட்டார். மோதியதில் மரப்பெட்டியின் அடிப்பலகை பிளந்திருந்தது. இன்றைக்கு மட்டும் தாங்கட்டும் என்று கயிறு போட்டுக் கட்டினார். மத்தியானச் சாப்பாடு முடிந்தது. அம்மாள் அறை நடுவே போய் நின்று, கட்டிலின் கீழே பாதிபாரம் புதிதாகத் தொங்கவிட்ட சிறு கயிற்றை ஆள்காட்டி விரலால் இழுத்தார். ஒற்றை விரல். கட்டில் இறங்கி வந்து காலடியில் நின்றது. பின்னைச் செருகினார். யாரிடமும் எதுவும் சொல்லாமல் ஏறிப் படுத்துக் காலை நீட்டினார்.

அப்பாவும் மகளும் வெளியே வேப்பமர நிழலில் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டிருந்தார்கள். உள்ளே குறட்டை கேட்டது. ஆறு மாதத்தில் அதுதான் முதல் பகல் தூக்கம்.

நாலு மணிக்கு எழுந்த அம்மாளிடம் மகள் கேட்டாள், "இருட்டறதுக்குள்ள கிளம்பணும்மா. பெட்டியைக் கார்ல வைக்கட்டுமா?"

பாதிபாரம் அதற்கு மேல் அங்கே நிற்கவில்லை. கோவித்துக்கொள்ள மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தாயிற்று. வீட்டின் பின்பக்கம் போய், ஏற்கெனவே அடுக்கிய செங்கல்களை மறுபடி அடுக்க ஆரம்பித்தார். உள்ளே பூட்டுத் திறக்கும் சத்தம். பெட்டி பலகையில் உரசி வரும் சத்தம். தாயும் மகளும் ஆளுக்கொரு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வாசற்படி இறங்கும் சத்தம். ஆனால் காலடிகள் கார்ப் பக்கம் போகவில்லை. வீட்டைச் சுற்றிக்கொண்டு வந்தன. பெட்டியைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார்கள்.

ரெக்கார்டம்மா மூடியைத் திறந்து காட்டினார். காலி. அடியில் விரித்திருந்த பழைய காகிதத்தைக்கூட உருவியிருந்தார்.

"செங்கல்லைத் தாங்குமா பாருங்க."

அவர் பார்த்தார். எப்படிப் பார்த்தார் என்றால், மெக்கானிக்காகத்தான் பார்க்க முடிந்தது. வேறு எப்படிப் பார்த்தாலும் அழுதுவிடுவார். அடியைத் தட்டினார், மூலைகளை அழுத்தினார்.

"தாங்கும். ஆனா அடியில நாலு துளை போட்டு கம்பி கொடுக்கணும். துளை போட்டுட்டா அப்புறம் துணி வச்சு எங்கேயும் எடுத்துட்டுப் போக முடியாது."

"எங்கே போகப்போறேன்? இவ வீட்டுக்கு நாலு நாள் போயிட்டு வர்றதுக்கு ஒரு கைப்பை பத்தாதா?"

மகள் ஒன்பதாவது மாடி அறையை நினைத்து முகம் வாடினாள்தான். பிறகு அம்மாவைக் கட்டிக்கொண்டு, "வந்தா நான் எங்கேம்மா படுப்பேன்?" என்றாள்.

"கூரையில இடம் இருக்கு" என்றார் அம்மாள்.

கார் போன பிறகு பாதிபாரம் பெட்டியில் துளை போட்டு, கம்பி கோத்து, செங்கல் அடுக்கி, சுவருக்கு வெளியே ஏற்றி முடிக்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த ஸ்பேனர்களை அள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். ஜன்னல் விளிம்பில் சீப்பும் கண்ணாடிக்கூடும் இருந்தன. அவருடைய சட்டைகளுக்குப் பக்கத்தில் அம்மாளின் துணிகள் தொங்கின. பெஞ்சுக்கு அடியில் குனிந்தால், வெறும் தரையில் ஒரு அட்டை நின்றது.

எடுத்தது: இரும்புப் பெட்டி. எடுத்தவர்: வீட்டுக்காரர். திருப்பித் தரும் நாள் என்ற இடத்தில் ஸ்கேல் வைத்து ஒரு கோடு.

அவர் அந்த அட்டையை இரண்டு தடவை படித்தார். அதை எடுக்க மனம் வரவில்லை. இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, ஸ்பேனர்களை அதற்கு இடிக்காமல் ஓரமாக அடுக்கினார்.

"கீழே!" என்றார் பின்னாலிருந்து ரெக்கார்டம்மா, ஒற்றை விரலைக் கயிற்றில் வைத்துக்கொண்டு.

அவர் குனிந்தபடியே இருந்தார். கடைசி ஸ்பேனரை ஓரமாக வைத்தார். அம்மாள் காத்திருந்தார்.

"சரி, கீழே!"